பதின்மூன்று பேரைக் கேட்டேன்

அந்த நாற்காலி வேண்டாம் அம்மா, அதில் ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். அறையைத்தானே பார்க்க வந்தீர்கள்? பார்க்கலாம். சாவி இதோ, மேசை மேலேயே இருக்கிறது. வாசலில் பலகை மாட்டி ஒன்பது நாள் ஆகிறது. உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கோழிக்கறிக் கடை வைக்க இடம் தேடினார். இன்னொருவர் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே வந்து உட்கார்ந்தது நீங்கள்தான்.

என்ன கடை என்று சொன்னீர்கள்? சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. அப்படியானால் கம்ப்யூட்டர் தெரியும். நல்லதாகப் போயிற்று. ஷமீமா என்றுதானே பெயர் சொன்னீர்கள்? உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அறை எங்கும் போய்விடாது.

இந்த லேப்டாப்பைப் பாருங்கள். பழசுதான். என் மனைவியுடையது. செண்பகம். நீங்கள் பார்க்க வந்த அறையில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தாள். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஆய்வேட்டைக் கையால் எழுதிக்கொண்டு வருவார்கள். இவள் அதைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுப்பாள். பதினாறு வருஷம். இந்தப் பக்கத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய முக்கால்வாசிப் பேர் இந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்கள்தான்.

இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். மகளுக்குக் குழந்தை பிறந்தது, உதவிக்குப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை இப்போது பிரீ கே.ஜி. போகிறான். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் வேறு மாதிரி சொல்வார்கள்.

அவள் போன பிறகு வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்த லேப்டாப்பைப் போட்டு வைப்பேன். ஓட்டாத வண்டியை அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பதில்லையா, அதுபோல. முதலில் கம்பெனிப் பெயர் வரும். அப்புறம் நாலு வண்ணத்தில் பூ மாதிரி ஒன்று சுற்றும். அப்புறம் நீலத் திரை வரும், நடுவில் 'செண்பகம்' என்று அவள் பெயர், அதற்குக் கீழே பாஸ்வேர்ட் அடிக்க ஒரு வெள்ளைக் கட்டம். அதோடு சரி. அதற்கு மேல் என்னால் போக முடியாது. பாஸ்வேர்ட் அவளுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். காபி முடிந்ததும் அணைத்துவிடுவேன்.

நான் கல்வி அலுவலகத்தில் தபால் பிரிவு. இன்னும் மூன்று வருஷ சர்வீஸ் இருக்கிறது. வருகிற கடிதத்தைப் பிரித்துப் பார்த்து எந்த மேசைக்கு என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் போய் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நாமே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்துவிட்டு, சரிதானா என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருப்பேன். என் சுபாவம் அது. என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைப் போட்டால் உள்ளே இருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். அவள் பெயர் வருவதற்கு எட்டு நிமிஷம் ஆயிற்று. மறுநாளே அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஜெபராஜிடம் எடுத்துக்கொண்டு போனேன். முருகன்குறிச்சியில் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். காதை லேப்டாப்பில் வைத்துக் கேட்டார்.

"டிஸ்க்கு போற சத்தம் சார். ஒரு காப்பி எடுக்கத் தாங்கும். ரெண்டாவது தடவைக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்.

சீட்டுக்கட்டைவிட மெல்லிசாக ஒன்றை எடுத்துக் காட்டினார். எஸ்.எஸ்.டி. பழைய டிஸ்க்குக்குப் பதில் இதைப் போட்டுவிடலாம் என்றார். அதுவரைக்கும் ஒன்றும் சிக்கல் இல்லை. அப்புறம்தான் கேட்டார்: "எதுல போடட்டும் சார்? லெகசியா, யூ.இ.எஃப்.ஐ.யா?"

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரியும். லேப்டாப் விழிக்கும்போது டிஸ்க்கைக் கூப்பிட்டு எழுப்ப வேண்டுமாம். அப்படி எழுப்புவதற்குப் பழைய முறை ஒன்று, புதிய முறை ஒன்று. பழைய முறைக்கு லெகசி என்று பெயர், புதியதற்கு யூ.இ.எஃப்.ஐ. செண்பகத்தின் பழைய விண்டோஸ் லெகசியில்தான் எழுந்திருக்கும். அதை அப்படியே, ஓர் எழுத்து மாறாமல், புது டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க வேண்டுமானால் லெகசிதான். புதிய முறை என்றால் பழசை விட்டுவிட்டுப் புது விண்டோஸ் போட வேண்டும். பத்து செகண்டில் எழுந்துவிடும், வைரஸுக்குப் பயம் இல்லை, இன்னும் ஐந்தாறு வருஷம் ஓடும். ஆனால் அவள் தட்டச்சு செய்கிற பழைய தமிழ் எழுத்து அதில் வேலை செய்யாது.

"மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க சார். அவங்கதான வேலை பாக்குறது" என்றார் ஜெபராஜ்.

"அவ குழந்தையோட அல்லாடிக்கிட்டு இருப்பா. நான் யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வந்துவிட்டேன்.

பதினோரு நாள் யோசித்தேன். பேருந்தில் யோசித்தேன், தபாலைப் பிரிக்கும்போது யோசித்தேன். யூடியூபில் போட்டுப் பார்த்தால் ஒருவன் லெகசி செத்துப்போய்விட்டது என்கிறான், இன்னொருவன் பழைய மெஷினில் கை வைக்காதே என்கிறான். சரி, நாலு பேரைக் கேட்போம் என்று கேட்க ஆரம்பித்தேன். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டு பேர். எதிர் வீட்டு பாலிடெக்னிக் ஆசிரியர். என் மருமகன், அவர் போனில், "மாமா, புது லேப்டாப்பே வாங்கிரலாம்" என்றார், அது ஒரு பதிலா? புதிய முறைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். டீக்கடையில் ஒரு மெடிக்கல் ரெப். இப்படிப் பதின்மூன்று பேர். ஒரு தாளில் எழுதி வைத்தேன். ஏழு பேர் புதிய முறை, ஐந்து பேர் பழைய முறை, ஒருவர் தெரியாது என்றார்.

எங்கள் அலுவலகத்துச் சுடலைமுத்து தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "என்ன வே, பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நீரு இவ்வளவு பேரைக் கேட்டிருக்க மாட்டீரே" என்று சிரித்தான். உண்மைதான். அன்றைக்கு ஒரே நிமிஷத்தில் சரி என்று சொன்னவன் நான். எல்லாரும் என்னைக் கேட்டார்கள், சரி என்றேன். அப்படியே தேதி குறித்துவிட்டார்கள். அதில் ஒரு குறையும் வரவில்லை. முப்பது வருஷம் ஆகிறது.

இந்த விஷயத்தில் ஏன் இவ்வளவு யோசனை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நான் முன்னால் ஒரு தப்பு செய்திருக்கிறேன்.

ஐந்து வருஷம் முன்பு. செண்பகம் அவள் தங்கையின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தாள். மூன்று நாள். லேப்டாப் மெதுவாகப் போகிறது, ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு உலை கொதித்துவிடும் என்று அவளே நாலைந்து முறை சொல்லியிருந்தாள். சரி, திரும்பி வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று, அலுவலகத்துக்கு வருகிற ஒரு கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிட்டேன். அவர் புதிய முறைக்கு மாற்றி, புது விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். ஃபைல் எல்லாம் பென் டிரைவில் பத்திரமாக எடுத்து மறுபடி உள்ளே வைத்துவிட்டார். ஒன்றுகூட விடவில்லை. லேப்டாப் மின்னல் மாதிரி வந்தது. நான் அதன் மேல் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

வந்தாள். பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். ஃபைல் எல்லாம் இருந்தது. திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கட்டமுமாக, பக்கம் பக்கமாக. அவளுடைய எழுத்து மென்பொருள் அந்தப் பழைய விண்டோஸுக்குள் பதிவு செய்தது. மதுரையில் அதை விற்ற ஆள் கடையை மூடிவிட்டுப் போய் எத்தனையோ வருஷம்.

அந்த நேரத்தில் ஆவுடையம்மாள் என்று ஒரு பெண்ணின் ஆய்வேடு முடிகிற கட்டத்தில் இருந்தது. ஆற்றுப் பாசன மடைகளைப் பற்றி. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு வாரத்தில் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பெண் வந்து, நான் உங்களை வேண்டாம் என்றேனே, அந்தக் கால் குட்டை நாற்காலி, அதில் உட்கார்ந்து அழுதாள். கெடு தவறிவிட்டது. அவளுக்கு ஆறு மாதம் தள்ளிப் போயிற்று.

செண்பகம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவள் குணம். ஜெபராஜைப் பிடித்து மறுபடியும் பழைய விண்டோஸைப் போட வைத்தாள். திருச்செந்தூரில் ஒரு தட்டச்சு நிலையத்துக்குப் போய் அந்த எழுத்து மென்பொருளைக் கேட்டு வாங்கி வந்தாள். முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடித்தாள். பத்தொன்பது நாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றால் கையை நிறுத்துவாள், நான் நகர்ந்ததும் அடிப்பாள். சாப்பாடு, காபி எல்லாம் நேரத்துக்கு வந்தது. அது முடிந்த அன்றுதான் பாஸ்வேர்ட் போட்டாள். பாதுகாப்புக்கு. பிள்ளைகள் வந்து போகிற இடம் இல்லையா.

நான் அதை நினைத்து எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே தப்பு செய்தோம், எங்கே தப்பு செய்தோம் என்று. கடைசியில் கண்டுபிடித்தேன். இரண்டு தப்பு. ஒன்று, ஓடிக்கொண்டிருந்த பழசை மாற்றியது. இரண்டு, ஒரே ஒருவரின் பேச்சை நம்பி மாற்றியது.

அதனால்தான் இந்தத் தடவை பதின்மூன்று பேர். அதனால்தான், ஏழு பேர் புதிய முறை என்று சொல்லியும், நான் லெகசி என்று முடிவு செய்தேன். அவள் வைத்துவிட்டுப் போனது வைத்த மாதிரியே இருக்கட்டும். ஜெபராஜிடம் சொன்னேன். "மேடம் சொல்லிட்டாங்களா சார்?" என்றார். "சொன்ன மாதிரிதான்" என்றேன்.

காப்பி எடுக்க ஏழு மணி நேரம் ஆயிற்று. எடுத்து முடித்த அன்றே பழைய டிஸ்க் போய்விட்டது. வியாழக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போட்டேன். நாலு வண்ணப் பூ, நீலத் திரை, செண்பகம், வெள்ளைக் கட்டம். எல்லாம் அதே மாதிரி. ஆனால் முக்கால் நிமிஷத்தில் வந்துவிட்டது. காபி ஆறக்கூட இல்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். போடும்போது எஃப் டூ பட்டனை அழுத்தினால் உள்ளே போய் அந்த முறையை மாற்றலாம் என்று யூடியூபில் பார்த்தேனா, சும்மா பார்ப்போமே என்று லெகசியை யூ.இ.எஃப்.ஐ. ஆக்கிவிட்டு வெளியே வந்தேன். கறுப்புத் திரை. டிஸ்க்கே இல்லை என்கிறது. இரண்டாவது தடவையும் அழித்துவிட்டேனே என்று உடனே ஜெபராஜுக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணும் அழியல சார். எல்லாம் உள்ளதான் இருக்கு. நீங்க கூப்பிடுற முறையில அது எந்திரிக்காது. பழையபடி மாத்துங்க, வந்திரும்" என்றார்.

மாற்றினேன். வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பட்டன் பக்கம் கையைக் கொண்டு போகவில்லை.

இதுதான் விஷயம். நீங்கள் பதினான்காவது ஆள். சொல்லுங்கள், நான் செய்தது சரிதானே?

என்ன? செண்பகத்திடம் கேட்டேனா என்றா? எல்லாரும் இதையே கேட்கிறீர்கள். ஜெபராஜும் இதைத்தான் கேட்டார். மகளும் ஒருநாள் போனில், "அப்பா, அம்மாட்டயே கேளுங்களேன்" என்றாள். அம்மா எங்கே என்றால் மாடியில் வேலையாக இருக்கிறாள், வக்கீல் ஒருவர் ஏதோ தாள் கொடுத்திருக்கிறார் என்கிறாள். வேலையாக இருப்பவளிடம் போய் இதைக் கேட்கவா? வாரத்தில் ஒருநாள் பேசுகிறோம். சாப்பிட்டீங்களா என்பாள், சாப்பிட்டேன் என்பேன். அங்க மழையா என்பேன், குளிருது என்பாள். நாற்பது செகண்டு வரும், ஐம்பது செகண்டு வரும். நல்லபடியாகத்தான் பேசுவோம். சண்டை எதுவும் இல்லை என்று சொன்னேன் இல்லையா.

அறையை வாடகைக்கு விடுவதா? அதுவும் தெரியாது அவளுக்கு. தெரிந்து என்ன செய்யப் போகிறாள்? பூட்டியே கிடந்தால் சுவரில் கரையான் ஏறிவிடும். அவள் மேசையைப் பரண் மேல் ஏற்றிவிடலாம். வந்தால் வேலை பார்ப்பதற்கு நடு அறையில் ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். காற்று வரும். அதெல்லாம் யோசித்துத்தான் வைத்திருக்கிறேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள் அம்மா. அவங்க சம்மதம் இல்லாம நான் எப்படி சார் கடை வைக்க என்கிறீர்கள். நியாயம்தான். நாளைக்கு அவள் வந்து நின்றால் உங்களுக்குச் சங்கடம். சரி. இருங்கள். உங்கள் முன்னாலேயே கேட்டுவிடுகிறேன். தனியாக இருக்கும்போது இந்தப் போனை எடுத்தால் என்ன பேசுவது என்று யோசித்தே வைத்துவிடுவேன். நீங்கள் இருக்கிறீர்கள். இருங்கள்.

மணி அடிக்கிறது.

"செண்பகம்... நான்தான்... இல்ல, ஒண்ணும் இல்ல. உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல... ஆச்சு, ரசமும் அப்பளமும்... இல்ல, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்... உங்கிட்டதான்... உன் லேப்டாப்பு. டிஸ்க்கு போகப் போகுதுன்னு ஜெபராஜ் சொல்லுதாரு. புது டிஸ்க்கு போடணும். லெகசியில போடட்டுமா, யூ.இ.எஃப்.ஐ.ல போடட்டுமான்னு... ஹலோ?... இருக்கியா?... இல்ல. இன்னும் போடல. உன்னைக் கேட்டுட்டுப் போடலாம்னுதான்... ஆமா. நிசமாத்தான்... ம்... ம்... எல்லாத்தையுமா?... சரி... அது எப்ப?... ஓ. சரி... சரி, அப்படியே சொல்லிருதேன்... இல்ல இல்ல, நீ சொல்லு, எனக்கு ஒண்ணும் வேலை இல்ல... ம்... சரி. வைக்கட்டுமா?... சரி."

ஆறு நிமிஷம் அம்மா. பாருங்கள், ஆறு நிமிஷம் பன்னிரண்டு செகண்டு.

கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, நிஜமாவே இன்னும் போடலையா என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே காதால் கேட்டீர்கள். என் வாயில் அப்படி வந்துவிட்டது. வேறு என்ன சொல்வது?

புதிய முறையில் போடச் சொல்கிறாள். துடைத்துவிட்டுப் புதுசாகவே போடுங்கள், பழசு எதுவும் வேண்டாம் என்கிறாள். அவள் இப்போது யூனிகோட் என்கிற புது எழுத்தில் அடிக்கிறாளாம். ஓசூர் போன முதல் வருஷமே கற்றுக்கொண்டாளாம். இரண்டு வக்கீல், ஒரு கோயில் விழா மலர், எல்லாம் அதில்தான். எனக்குத் தெரியாது. மேலே ஒரு அறை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பழைய ஃபைல் எல்லாம் போய்விடுமே என்றேன். அதெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், புது எழுத்துக்கு மாற்றியும் வைத்துவிட்டேன் என்கிறாள். பார்த்தீர்களா, எவ்வளவு முன்ஜாக்கிரதை. மூன்று மாதத்துக்குப் போகிறவள் பதினாறு வருஷத்து வேலையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் ஒரு நாள் வெளியூர் போனால் பல் துலக்கும் பிரஷை மறந்துவிடுவேன்.

அப்படியென்றால் அந்த வெள்ளைக் கட்டத்துக்குப் பின்னால் இருப்பது எதுவும் அவளுக்கு வேண்டியது இல்லை.

சரி. இன்றே ஜெபராஜைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குப் போய்விட்டுப் பதினோரு மணிக்குக் கடையைத் திறப்பார். இன்னும் போடவில்லை என்று சொல்லிவிட்டேன், அது பொய்யாகிவிடக் கூடாது. சாயங்காலத்துக்குள் துடைத்துவிட்டால் நான் சொன்னது உண்மை மாதிரிதான். ஜெபராஜ் கேட்பார், என்ன சார், இப்பத்தான காப்பி எடுத்தோம் என்பார். மேடம்கிட்ட கேட்டுட்டேன் என்று சொல்வேன். அதைச் சொல்லலாம் இப்போது.

கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்துவிடவா? முக்கால் நிமிஷம்தான். வேண்டாம், உங்களுக்கு நேரமாகிறது.

அறையா? அடடா. அதைக் கேட்கவே இல்லையே நான். அவள் பேசிக்கொண்டே போனாளா, எனக்கு ஞாபகமே வரவில்லை. நீங்களாவது கையைக் காட்டியிருக்கக் கூடாதா?

இல்லை, இப்போது மறுபடி கூப்பிட வேண்டாம். ஒரே நாளில் இரண்டு தடவை கூப்பிட்டால் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவாள். நீங்கள் நாளைக்குச் சாயங்காலம் வாருங்கள் அம்மா. வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், பலகையைக்கூடக் கழற்றி வைத்துவிடுகிறேன். நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன். நாளைக்குக் கேட்பதற்கு அது இருக்கட்டும்.